பதின்மூன்று அங்குலம்

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
சில்லுகள் வாகனத்தின் காலத்துக்கு உரியனவா?
ஆம் / இல்லை.
மூன்று கிழமையாய் அந்தக் கட்டத்துக்குள்
என் பேனை இறங்கவில்லை.

கார் ஆங்கிலியா. அறுபத்தைந்து.
பின்கண்ணாடி தலைகீழாய்ச் சரிந்த சாதி.
அப்பா வாங்க முதல் மரியநாயகம் என்பவர்
அறுபத்தாறில் இதைத் திருகோணமலை ரலிக்கு ஓட்டினார்.
வகுப்பில் மூன்றாமிடம்.
வகுப்பில் ஓடினதே நாலு கார் என்பதை
அவருடைய மகள் பிறகுதான் சொன்னாள்.

ஒரு படம் இருக்கிறது.
ஆனையிறவில் நேரம் பதிகிற இடம்.
சோடாப் போத்தலோடு ஒரு பெடியன்
மிகச் சரியாக முன்சில்லை மறைத்து நிற்கிறான்.
பின்சில்லில் சேறு.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்:
பெடியனின் முழங்காலில் ஒரு தழும்பு.
வேறொன்றும் துலங்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து தம்பி தீபகரன்
எட்டுக்கால் அலோய் ஒன்றின் படம் அனுப்புகிறான்.
"அந்த நாள் ரலிக்காரர் போட்டது இதுதான் அக்கா,
கப்பலில விடட்டே?"
வடிவுதான். ஆண்டு சரி, அங்குலமும் சரி.
ஆனால் அறுபத்தாறில் இங்கே
ஒரு பிளக் எடுப்பிக்க மூன்று கடிதம்.
அந்நியச் செலாவணி கேட்க ஒரு கந்தோர்,
இல்லையென்று சொல்ல இன்னொரு கந்தோர்.
அது பேர்மிங்ஹாமின் அறுபத்தாறு.
எனக்கு வேண்டியது
சுண்டுக்குளியின் அறுபத்தாறு.

காரில் இருந்தவை நாலு.
மூன்று, பிறந்தபோதே வந்த இரும்பு.
நாலாவதைப் பூட்டினால்
காது கேளாதவர் கதை கேட்பதுபோல்
கார் ஒரு பக்கம் தலை சாய்க்கும்.
கஜமுகன் அதைக் கழற்றி நிலத்தில் போட்டான்.
"இது மொறிஸ் மைனரின்ர, அக்கா. பதினாலு அங்குலம்.
ஓட்டை பொருந்தாமல் அரத்தால அராவி நீட்டியிருக்கினம்.
இதிலயோ இவ்வளவு காலமும் ஓடினது?"

இதில்தான்.
ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி எஞ்சினை ஏமாற்றி
மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி,
ரயருக்குள் வைக்கோல் அடைந்து,
தொண்ணூற்றைந்தில் நாவற்குழிப் பாலத்தில்
விடியும்வரை ஒரு காரளவு தூரம்.
பதினொரு பேர். ஒரு தையல் மெசின்.
அதையும் ரலி என்றால் என்னலாம்,
நேரம் பதிய ஒருவரும் நிற்கவில்லை.

நாவாந்துறைப் பக்கம் நிஸ்தாரின் இரும்புக்கடை.
ஐந்தாம் நாள் கிளறலில் ஒரு பதின்மூன்று:
வயிறு நிறையச் சீமெந்து வாங்கி
கரப்பந்து வலைக் கம்பத்துக்குக் காலாய் நின்றது.
அவர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சீமெந்தை உதிர்த்தார்.
"தொண்ணூறில நாங்க போகேக்க இந்தக் குவியல் கூரை உயரம்.
வந்து பார்த்தா வெறுந்தரை.
இது பிறகு சேர்த்தது. என்ன காலமெண்டு
என்னட்டக் கேட்காதீங்க."
காசு வாங்கினார். மிச்சம் தந்தார்.

நீலப் பெயின்ற். சுரண்ட, வெள்ளை.
அதற்கும் கீழே
இரும்பில் குத்தின எழுத்து: 3 65.
கஜமுகன் விசிலடித்தான்.
நாலு ஓட்டையும் முட்டாமல் இறங்கின.
"மற்றதை எறியட்டே?" என்றான்.
டிக்கியில் போடச் சொன்னேன்.
மேலதிகச் சில்லைப் பற்றிப் படிவம் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் கல்லுண்டாய் வெளியில் ஓட்டிப் பார்த்தேன்.
கார் நிமிர்ந்து போனது.
சாய்வுக்கு எதிராய் ஸ்டீயரிங்கை
எப்போதும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற கை
அப்போதும் இழுத்தது.
ஒரு ஆட்டுக்குட்டி மயிரிழையில் தப்பியது.
டிக்கிக்குள் மொறிஸ் சில்லு
உருண்டு வந்து இடித்தது.

நிறுத்தினேன்.
படிவம் பக்கத்துச் சீற்றில்,
உப்புக்காற்றில் ஒரு மூலை மடங்கி.